நாற்பத்தொரு தலைக்கட்டு

22-2-58, சனி

காலையில் பனி. எட்டு மணிக்கு மேல் வெயில். கடலில் அசைவே இல்லை.

செய்ய வேண்டியவை:
மதாமின் பெட்டிகளுக்குக் கயிறு.
ஸ்டேஷனில் மூன்று டிக்கெட், விழுப்புரம் வழி சென்னை, 3-ந் தேதி திங்கள்.
வெள்ளைக் காடாத் துணி.
என் கறுப்புக் கோட்டுக்கு இரண்டு பொத்தான்.

கடைசி ஒன்றுதான் எனக்காக.

இன்னும் ஒன்பது நாள். அப்புறம் சுவிஸ்காரர்கள் மூவரும் கப்பல் ஏறிவிடுவார்கள். பாஸ்தர் என்கிற போதகர், அவர் மனைவி மதாம், நர்ஸ் மத்மஸேல் லூசி. நவம்பர் கடைசியில் மழையோடு மழையாக வந்து இறங்கியவர்கள். மூன்று மாதமாக அவர்களுடைய வாய் நான். பாஸ்தர் பிரெஞ்சில் அழுதால் நான் தமிழில் அழ வேண்டும். அவர் கையை விரித்தால் நானும் விரிக்க வேண்டும். தோள் வலிக்கிறது.

நேற்று சாயங்காலம் வைத்திக்குப்பம் மணலில் கூட்டம். பெட்ரோமாக்ஸ் இரண்டு. பாஸ்தர் கடைசியில் கேட்டார்: "இயேசுவோடு இந்தத் தண்ணீரில் இறங்கச் சம்மதம் உள்ளவர்கள் கையை உயர்த்துங்கள்." சொல்லுக்குச் சொல் அப்படியே தமிழில் சொன்னேன். குப்பத்து நாட்டார், அதாவது ஊர்த்தலைவர், கோவிந்தன் என்று பெயர், முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர், கையைத் தூக்கினார். உடனே மொத்தக் கூட்டமும் தூக்கியது. கைக்குழந்தையின் கையைக்கூட ஒருத்தி தூக்கிப் பிடித்தாள்.

பாஸ்தர் மணலிலேயே முழங்காலிட்டார்.

திரும்பும்போது ஜீப்பில் சொன்னார்: ஞானஸ்நானம் அடுத்த வார ஞாயிறு, அதே கரையில். முப்பது பேர் முழுகினால் போதும், புதுவையில் நிரந்தரமாக ஒரு மிஷன் வீடு திறக்க எங்கள் ஊர்ச் சபை சம்மதிக்கும், ஜனவரியிலேயே எழுதிக் கேட்டிருக்கிறேன். "அதை நடத்த உம்மைவிட யார், முசே சவரி?"

அதனால்தான் பொத்தான்.

நாற்பத்தேழு வயதில் எனக்கு ஒரு மேஜை, ஒரு கதவு, கதவில் பெயர். பதினெட்டு வருஷம் பாடம் சொன்ன மாதாகோயில் பள்ளியில் தலைமை ஆசிரியர் நாற்காலி எனக்கு வரவேண்டியது. பங்குச் சாமியார் தன் சமையல்காரர் மருமகனைத் தூக்கி உட்கார வைத்தார். அவனுக்கு நான்தான் பிரெஞ்சு வினைச்சொல் மாற்றங்கள் கற்றுக்கொடுத்தேன். இன்றைக்கும் தப்பாகத்தான் சொல்கிறான். பிரெஞ்சுக்காரன் போன பிறகு பிரெஞ்சுப் பரீட்சை தேறிய என் பிரெவே சான்றிதழைக் காட்டினால் சர்க்கார் கச்சேரியில் இங்கிலீஷ் தெரியுமா என்று கேட்கிறார்கள். நான் இந்தப் புராட்டஸ்டண்டுகளிடம் போனது விசுவாசத்தினால் அல்ல. சாமியார் வயிறு எரியட்டும் என்று. எரிந்தது. அந்த அளவுக்குச் சுவிஸ்காரர்களுக்கு நன்றி.

24, திங்கள்

நேற்று எழுதவில்லை. என் மனைவி ஆரோக்கியம் தனியாகப் பூசைக்குப் போய் வந்து என்னோடு பேசவில்லை. ஞாயிறுதோறும் அப்படித்தான், திங்கள் காலை காப்பியோடு சரியாகும். ஆனது.

பெயர் எழுத வை.குப்பம் போனேன். நாட்டார் வலை காயப்போட்ட இடத்தில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் நாலைந்து பேர்.

"வாங்க முசே. ஞாயித்துக்கெழமதானே? பந்தல் எங்க போடட்டும்?"

பந்தல் எதற்கு என்றேன்.

"இன்னா முசே இப்பிடிக் கேக்கறீங்க. சாமி வெயில்ல நிக்குமா? எந்தப் பக்கமா வருது? ஜீப்புலயா, தோள்லயா?"

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார், நான் வெளியூர்க்காரன் மாதிரி. மாசி மகத்துக்கு எத்தனை ஊர்ச் சாமிகள் இந்தக் கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருகின்றன. சிவன் வருகிறார், பெருமாள் வருகிறார், அம்மன்கள் வருகிறார்கள். எந்தச் சாமிக்கும் இடம் இல்லை என்று வைத்திக்குப்பம் சொன்னது கிடையாது. இறக்கி, கடலில் குளிப்பாட்டி, மரியாதையோடு அனுப்புவது இந்தக் குப்பத்தின் பாத்தியம்.

"மகம் அடுத்த வாரம். அதுக்கு மின்னாடி உங்க சாமி வந்து குளிச்சிட்டுப் போறது ஒரு வகையில நல்லது. அப்பறம் கூட்டம் தாங்காது."

பக்கத்தில் ஒருவன், கன்னியப்பன்: "வெள்ளக்கார சாமிக்கு உப்புத்தண்ணி ஒத்துக்குமா முசே?"

"வாய மூடுறா. கப்பல்ல வந்த சாமிடா அது."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். குளிக்கப்போவது சாமி அல்ல, நீங்கள். குளித்த பிறகு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற முடியாது, மகத்துக்குப் பந்தல் போட முடியாது. இரண்டு வாக்கியம்தான். என் தொழிலே வாக்கியம்.

சொல்லவில்லை. நோட்டைத் திறந்து "பெயர் சொல்லுங்கள்" என்றேன்.

தலைக்கட்டு வரிசையில், வீட்டுக்கு ஓர் ஆண் என்று சொன்னார், கோயில் வரிக்குச் சொல்கிற மாதிரி. நாற்பத்தொரு பெயர். கடைசியில் "சரியா இருக்குதா பாருங்க, ஒண்ணு உட்டாலும் சண்டைக்கு வருவானுங்க" என்றார்.

மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. வெள்ளிக்கிழமை நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. அதை எத்தனை தடவை எனக்கே சொல்லிக்கொண்டு வீடு வந்தேன்!

25, செவ்வாய்

பட்டியலைக் கொடுத்தேன். பாஸ்தர் ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தார். கன்னியப்பன், "கானியாப்பா". முனுசாமி, "மூனூசமி". பாதியில் நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த ஆளிடம் ஒரு தவறும் சொல்ல முடியாது. அதுதான் எரிச்சல்.

மதாம் தையல் மிஷினில் வெள்ளை அங்கி தைக்கிறாள். எல்லாம் ஒரே அளவு. முனுசாமிக்கு முழங்கால் வரைதான் வரும்.

மத்மஸேல் லூசி மட்டும் மருந்துப் பெட்டியை அடுக்கியபடியே என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "அவர்களுக்குப் புரிந்திருக்கிறதா?"

"நம்மைவிட நன்றாக, மத்மஸேல்."

பொய் இல்லை. அவர்களுக்கு அவர்கள் செய்வது நன்றாகப் புரிந்திருக்கிறது.

கோட்டுக்குப் பொத்தான் தைத்தாகிவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன். மிஷன் டைரக்டர் மாதிரி இல்லை. பெட்டிஷன் எழுதுபவன் மாதிரி.

26, புதன்

பெரிய மார்க்கெட் வாசலில் அஞ்சலை பிடித்துக்கொண்டாள். மீன்காரி, வை.குப்பம். விதவை, படகு கிடையாது, கூடை மட்டும். டிசம்பரில் கெளுத்தி முள் குத்திக் கை மணிக்கட்டு வரை வீங்கி வந்தவள். லூசி கீறி, தினம் கட்டுப்போட்டு, விரலைக் காப்பாற்றினாள். அன்றிலிருந்து எல்லாக் கூட்டத்துக்கும் வருகிறாள். எப்போதும் கடைசியில், கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து.

"முசே, நாட்டார் குடுத்த பேருல என் பேரு இல்லியாமே."

தலைக்கட்டுப் பட்டியல், அதில் நீ வரமாட்டாய் என்றேன்.

"அதான் கேக்கறேன். நான் தனியா வரலாமா?"

எதற்கு வருகிறாய், உனக்கு என்ன தெரியும் என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான். வெயில்.

"தெரியும் முசே. நீங்கதானே மூணு மாசமா சொல்றீங்க. எறங்கினா பழசு செத்துப்போவும். அப்பறம் கோயிலுக்குப் போவக்கூடாது, கூழு ஊத்தக்கூடாது. ஊருல தள்ளி வைப்பாங்க. தெரிஞ்சுதான் கேக்கறேன்." கூடையைத் தலையிலிருந்து இறக்கினாள். "அவங்களுக்குத் தெரியுமா? நாட்டாரு பந்தலுக்குக் கீத்து பின்னச் சொல்லிட்டு இருக்காரே, அதான் கேட்டேன்."

ஒரு கட்டுக் கீரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காத கீரை.

மூன்று மாதத்தில் நான் சொன்னதை ஒருத்தி கேட்டிருக்கிறாள். எனக்கே ஞாபகமில்லாததை எல்லாம்.

27, வியாழன்

தூக்கம் சரியில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடை. "ஏங்க, வயித்த வலியா?" என்றாள் ஆரோக்கியம். ஆமாம் என்றேன்.

பாஸ்தரிடம் சொல்லிவிடலாம் என்று காலையில் கிளம்பினேன். நிஜமாகவே. வாக்கியத்தைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன்: "ஒரு வழக்கத்தைப் பற்றி நான் உங்களுக்கு விளக்கத் தவறிவிட்டேன்." தவறிவிட்டேன் நன்றாக இருந்தது, மறைத்தேன் என்பதைவிட.

அங்கே போனால் அவர் மலர்ந்த முகத்தோடு ஒரு கடிதத்தை நீட்டினார், அவர் ஊர்ச் சபையிலிருந்து வந்தது. முப்பது பேர் முழுகினால் மிஷன் வீடு நிச்சயம். பொறுப்புக்குத் திருநெல்வேலியிலிருந்து ஒரு சகோதரர் வருகிறார். மூன்று தலைமுறைப் புராட்டஸ்டண்ட், வேத சாஸ்திரம் படித்தவர், இருபத்தொன்பது வயது. நான் அவருக்கு உதவி.

"நீர் புண்படமாட்டீர் என்று தெரியும். உமது ஞானஸ்நானம் சிசுப் பருவத்தில் நடந்தது, கத்தோலிக்கத்தில். எங்கள் ஊரில் உள்ளவர்கள் தயங்குகிறார்கள்."

புண்படவில்லை என்றேன். பிரெஞ்சில் அதற்கு அழகான ஒரு தொடர் இருக்கிறது, அதைச் சொன்னேன்.

தயார் செய்த வாக்கியத்தோடு திரும்பி வந்தேன். இப்போது சொன்னால் பழிவாங்கல். சொல்லாவிட்டால் கோழைத்தனம். நேற்றே சொல்லியிருந்தால் வெறும் உண்மை. ஒரு நாளில் விலை இப்படி மாறுமா?

அங்கும் ஒரு மருமகன். எங்கே போனாலும் எனக்கு முன்னால் ஒரு மருமகன் உட்கார்ந்திருக்கிறான்.

28, வெள்ளி

சொல்லிவிட்டேன். சரியான காரணத்துக்காக அல்ல. காலையில் மதாம் திருநெல்வேலிக்காரருக்கு நல்ல நாற்காலி எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். அப்போது.

பாஸ்தர் முழுக்கக் கேட்டார். மகம், தீர்த்தவாரி, பாத்தியம், பந்தல். கையைத் தூக்கினது விசுவாசத்தால் இல்லை, விருந்தாளி கேட்டதற்கு மரியாதை, நாட்டார் தூக்கினால் குப்பமே தூக்கும். எல்லாம்.

அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

"திங்கட்கிழமையே இது உமக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஆனால் கடிதம் வந்த மறுநாள் சொல்கிறீர்." கோபமே இல்லை. "கசப்பு ஒரு நோய், சகோதரரே. உமக்காக நான் ஜெபிக்கிறேன்."

ஜெபிக்கவும் செய்தார், அங்கேயே, கண்ணை மூடி, எனக்கு எதிரிலேயே! நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் உண்மை சொன்னதற்காக ஒருவர் எனக்காக ஜெபித்தது இதுதான் முதல் தடவை.

சாயங்காலம் ஆரோக்கியம் சிலுவைப்பாதைக்குப் போனாள். நானும் கோயில் வாசல் வரை போனேன். உள்ளே போகவில்லை. சாமியார் பார்த்தார். பார்க்கட்டும்.

1-3-58, சனி

நாட்டாரிடம் போனேன். நேரே விஷயம். "ஞாயிற்றுக்கிழமை சாமி வராது. உருவமே கிடையாது அவர்களுக்கு. தண்ணீரில் முழுகப்போவது நீங்கள் நாற்பத்தொரு பேரும். முழுகினால் வேதத்தில் சேர்ந்ததாகக் கணக்கு."

பீடி விரலில் அணைந்துபோனது. அதை மணலில் குத்தினார்.

"அன்னிக்குப் பேரு எழுதும்போது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"படிச்சவரு." அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருக்கலாம்.

கன்னியப்பன்தான் கத்தினான். "இன்னா நாட்டாரே, கேட்டுக்கினு உக்காந்திருக்கீங்க! பந்தலப் பிரிடா!"

"பந்தல் இருக்கட்டும். கரைக்கு வாங்கன்னு சொல்லியாச்சு. வந்தவனத் திருப்பி அனுப்பி வழக்கம் இல்ல. நிப்போம். மேளம் அடிப்போம். தண்ணியில ஒருத்தனும் எறங்க மாட்டான்." என்னைப் பார்த்தார். "பாதிரியார்கிட்ட சொல்லிடுங்க."

"நேற்றே சொன்னேன். நம்பவில்லை."

"அப்ப நாளைக்குத் தண்ணியில நின்னு தெரிஞ்சுக்கட்டும்."

கிளம்பும்போது கேட்டேன், அஞ்சலை தனியாக வருவேன் என்கிறாளே என்று. ஏன் கேட்டேன் தெரியாது.

"அவ இஷ்டம். ஊரவுட்டுப் போன்னு சொல்லமாட்டோம். கோயில் காரியத்துல சேத்துக்க மாட்டோம், அவ்வளவுதான். எங்க கணக்குல அவ எப்ப இருந்தா."

கோட்டைப் போட்டுக்கொள்வதா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். வயது நாற்பத்தேழு.

2, ஞாயிறு

போட்டுக்கொண்டு போனேன்.

காலை ஏழு. மேகமில்லை. அலை சின்னது. புதுக் கீற்றுப் பந்தல், மாவிலை, குலை தள்ளிய வாழை இரண்டு. மேளம். குப்பம் முழுவதும் நல்ல துணி உடுத்தி நின்றது, பெண்கள் பூ வைத்து. மதாம் அங்கிகளை மடித்துக் கூடையில் கொண்டுவந்தாள், கைநீட்டி வாங்க ஒருவரும் வராததால் கூடையோடே நின்றாள்.

பாஸ்தர் இடுப்பளவு தண்ணீரில். நான் பக்கத்தில், கோட்டு நனைய. பட்டியலில் முதல் பெயரைக் கூப்பிட்டார். "கானியாப்பா."

கன்னியப்பன் கரையில் இருந்தபடி கையெடுத்துக் கும்பிட்டான். "நல்லா இருங்க சாமி."

இரண்டாவது பெயர். கும்பிடு. மூன்றாவது. கும்பிடு. ஏழாவது பெயரில் நாட்டார் தட்டில் தேங்காய், கற்பூரத்தோடு தண்ணீரில் இறங்கி வந்தார், முழங்கால் வரை. பாஸ்தருக்கு ஆரத்தி காட்டினார். மரியாதையாக, அவசரமில்லாமல், காற்றுக்குக் கையால் மறைத்து. அலை வந்து அணைக்கும் முன் திரும்பிவிட்டார்.

பாஸ்தர் முகத்தில் நீர். கடலா, கண்ணா, பார்க்கவில்லை.

"இவர்களிடம் என்ன சொன்னீர்?"

"உண்மையை."

"எப்போது?"

"நேற்று."

"அதற்கு முன்பு?"

மேளம் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து அஞ்சலை. கூடையை மணலில் கவிழ்த்து வைத்தாள். மதாமின் கூடையிலிருந்து ஓர் அங்கியை எடுத்துப் புடவைமேல் மாட்டிக்கொண்டாள். அது அவளுக்குச் சரியாக இருந்தது. மேளக்காரன் நிறுத்திவிட்டான். யாரும் தடுக்கவில்லை, யாரும் வழிவிடவும் இல்லை, அவளாக இடுக்கில் புகுந்து வந்தாள். மீன்காரி, கடலில் நடக்கத் தெரியும். அலைக்கு ஒருக்களித்து நடந்து வந்தாள்.

பாஸ்தர் கேள்விகளைக் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். பழைய வாழ்வை விட்டுவிடுகிறாயா?

"நான் இன்னாத்த வுடறது முசே? புருசன் போனப்பவே ஒவ்வொண்ணா அதுங்களா என்னை வுட்டுடுச்சு. வேற யாரும் வேணாம்னு சொல்லாத எடமா பாத்து வந்துட்டேன். வுட்டுட்டேன்னே சொல்லுங்க."

"உய்" என்றேன் பாஸ்தரிடம், ஆமாம் என்று. அவள் சொன்ன அத்தனைக்கும் ஒரே சொல். மூன்று மாதத்தில் நான் செய்த ஒரே மோசமான மொழிபெயர்ப்பு.

முழுகி எழுந்தாள். மூக்கைச் சிந்தினாள். கரையில் லூசி துண்டோடு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

நாட்டார் எல்லோருக்கும் இளநீர் கொடுத்தார். எனக்கும். குடித்தேன்.

3, திங்கள்

ஸ்டேஷன். கூட்டம் அதிகம், மகத்துக்கு இப்போதே வந்து இறங்குகிறார்கள். நாங்கள் நாலு பேர்தான் எதிர்த்திசை.

மிஷன் வீடு கிடையாது. பாஸ்தர் சொல்லாமலே தெரியும், இருந்தாலும் சொன்னார். திருநெல்வேலிக்காரருக்குத் தந்தி கொடுத்தாகிவிட்டதாம். ஒரு பெண்ணுக்காக வீடு திறக்க ஊரில் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். கை கொடுத்தார். "உம்மிடம் கோபம் இல்லை" என்றார். எனக்கு இருந்தது, யாரிடம் என்று தெரியவில்லை. மதாம் மிச்சம் நாற்பது அங்கியை என்ன செய்வது என்று கேட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கலாம் என்றேன்.

லூசி ஜன்னல் வழியாக ஒரு தமிழ் பைபிளை நீட்டினாள். அஞ்சலைக்கு. அவளுக்குப் படிக்கத் தெரியாது என்றேன்.

"உமக்குத் தெரியுமே."

வண்டி நகர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கோட்டை அலசிக் காயப்போட்டேன். உப்பு பூத்துவிட்டது. படுத்தேன். மூன்று மணி இருக்கும், ஆரோக்கியம் எழுப்பினாள். "ஏங்க, மீன்காரம்மா வந்து நிக்குது. தபசுகாலம், மீன் வேணாம்னு சொன்னேன், விக்க வரலியாம், உங்களத்தான் பாக்கணுமாம். வெயில்ல நிக்குது, உள்ள கூப்பிடுங்க."

அஞ்சலை. கூடை காலி. மார்க்கெட்டில் அவள் வழக்கமாக உட்காரும் வரிசையில் இன்றைக்கு ஒருத்தியும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லையாம். வாசலோரம் உட்கார்ந்து விற்றிருக்கிறாள். புகார் மாதிரி சொல்லவில்லை, சேதி மாதிரி சொன்னாள்.

"நேத்து முழுகினேன் இல்ல முசே. அப்பறம் இன்னா செய்யணும்னு ஒருத்தரும் சொல்லலியே. அவங்களும் வண்டி ஏறிட்டாங்க. வர ஞாயித்துக்கெழம நான் எங்க வரணும், எத்தினி மணிக்கு?"

நான் விசுவாசி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆரோக்கியம் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உள்ளே போகாமல் கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்தாள்.

"இங்கேதான்" என்றேன். "ஏழு மணி."

சரி என்று கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இன்னும் ஆறு நாள். லூசி கொடுத்த பைபிளில் எங்கிருந்து தொடங்குவது? மத்தேயு சுவிசேஷம் என்றால் முதல் பக்கமே இயேசுவின் முன்னோர் பெயர்ப் பட்டியல். அவளிடம் இன்னொரு பட்டியலை நான் படிக்க முடியாது.